கூட்டத்தைக் கண்டு நடுங்கும் நாய்: எந்த வழியில் பழக்குவது?

கடைவீதிக்குள் நுழைந்ததும் நாய் வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. இழுத்தாலும் வராது. "தினமும் கூட்டிட்டுப் போங்க, தானா பழகிடும்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள்.

பயம் தெளியும்வரை கூட்டத்திலேயே நிறுத்தி வைப்பதுதான் அவர்கள் சொல்லும் வழி. சில நாளில் நாய் நடுங்காமல் நிற்கும் என்பதால் இது பலித்துவிட்டதுபோலத் தெரியும். ஆனால் அந்த அமைதியை நான் நம்புவதில்லை. 1967-ல் செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், தப்ப வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி பட்ட நாய்களில் பல, பிறகு ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற நிலையிலும் அசையாமல் கிடந்தன. பயம் போய் அமைதியாவது வேறு, கைவிட்டு அடங்குவது வேறு.

இரண்டாவது, தூரத்தில் நின்று தீனி கொடுப்பது. இதன் வேர் பழையது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவன் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். நாய்க்கும் அதேதான். ஆட்கள் நடமாடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் நாய் பதறக் கூடாது. அந்த இடத்தில் நில்லுங்கள். நாய் ஆளைப் பார்த்த பிறகுதான் கோழித்துண்டு வர வேண்டும். முந்திக் கொடுத்தால் தீனியே "ஆள் வருது" என்ற எச்சரிக்கையாகிவிடும். தூரம் சரியா என்பதை வாயே சொல்லிவிடும். மெதுவாக வாங்கித் தின்றால் சரி. விரலோடு சேர்த்துக் கவ்விப் பறித்தால் கூட்டத்துக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள். துண்டு வாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தால் அன்றைக்குப் போதும், திரும்பிவிடுங்கள்.

மூன்றாவது, நாய்ப் பயிற்சியாளர் கிரிஷா ஸ்டீவர்ட் உருவாக்கிய முறை. 5 மீட்டர் போல நீளமான வார், கழுத்தை அழுத்தாத மார்புப் பட்டை. நாய் தானே மோப்பம் பிடித்து, தானே பார்த்து, வேண்டாம் என்றால் தானே விலகும். நாம் பின்னால் போகிறோம், அவ்வளவுதான். தீனியோடு நம் கை எப்போது நீளும் என்று காத்திருக்காமல் சுற்றுப்புறத்தை நிதானமாக அறிவதால் நாய்க்கு வரும் தைரியம் தனி. குறை ஒன்றுதான்: இடம் வேண்டும். நாலு பக்கமும் ஆள் வரும் தெருவில் விலகிப் போக ஏது வழி?

அதனால் நான் இரண்டாவதில் தொடங்கச் சொல்வேன், கூட்டத்தின் ஓரத்தில், பத்து நிமிடம் மட்டும். மைதானம் கிடைக்கும் நாளில் மூன்றாவது. முதலாவது எந்த நாய்க்கும் வேண்டாம். குரல்வளையை இறுக்கும் சங்கிலியும் வேண்டாம். பயந்த நேரத்தில் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பதையும் நம்பாதீர்கள். உங்களிடம் ஒண்டிக்கொள்ள வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தள்ளி நின்றாலும் தின்ன மறுக்கிறதா? கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மறைந்திருக்கும் வலிகூடக் காரணமாகலாம். சில நாய்களுக்கு மருந்தும் சேர்ந்தால்தான் பயிற்சியே ஏறும்.

அப்புறம், "நாய் கடிக்குமா?" என்று கேட்டபடியே கையை நீட்டி வருபவர்கள். அவர்களுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். "பயப்படுது, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு நாயோடு நகர்ந்துவிடுங்கள்.