டெண்டரில் தொழில் ரகசியம்: என்.டி.ஏ.வா, தனி இணைப்பா?

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. அரசு டெண்டர் போடும்போதெல்லாம் ஒரே பயம்தான். விலை எப்படி வந்தது, எந்தப் பாகம் யாரிடம் வாங்குகிறோம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறோமே, நாளைக்குப் போட்டிக்காரர் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு, போட்டு வாங்கிவிட்டால்?

இதற்கு இரண்டு வழிகள். ரகசியக்காப்பு ஒப்பந்தம், அதாவது என்.டி.ஏ., போட்டுக்கொள்வது. அல்லது ரகசியமான பக்கங்களை மட்டும் பிரித்து, 'ரகசியம்' என்று முத்திரையிட்டு, தனி இணைப்பாகக் கொடுப்பது. முதலாவதில் சூடுபட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான்.

டெண்டர் நிபந்தனைகளை எழுதுவது துறை. நாம் ஒரு வரி சேர்த்தால் 'நிபந்தனையுடன் கூடிய ஒப்பந்தப்புள்ளி' என்று தள்ளிவிடக்கூடும். வேலை கிடைக்காவிட்டால் ஒப்பந்தமே கிடையாது. நம் தாள்கள் மட்டும் அவர்கள் கோப்பில் கிடக்கும். அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தையே அது மீறி நிற்கிறது; நம் என்.டி.ஏ. எந்த மூலைக்கு? எப்படியோ ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தோம். ஆனாலும் எங்கள் ரேட் அனாலிசிஸ், அதாவது விலை எப்படி வந்தது என்ற கணக்கு, முழுசாக வெளியே போனது. கேட்டதற்கு, "ரகசியம் என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதவில்லையே" என்றார்கள். என்.டி.ஏ. வேறொரு கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. துணை ஒப்பந்தக்காரரிடமும் வேலையாட்களிடமும் இன்றும் என்.டி.ஏ. வாங்குகிறேன், அங்கே அது பயன்படும்.

தனி இணைப்பின் பலம் முழுக்க அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இருக்கிறது. மூன்றாம் தரப்பு, அதாவது நம்மைப் போன்றவர், ரகசியமாகக் கருதிய தகவலைக் கொடுக்க நினைத்தால், மனு வந்த 5 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் நமக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள் நாம் ஆட்சேபம் சொல்லலாம். ரகசியமாகக் கருதினோம் என்பதற்குச் சாட்சி அந்த முத்திரைதான். அது இல்லாவிட்டால், நம்மைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வராமல் போகலாம்.

அதற்காக எல்லாப் பக்கத்திலும் குத்திவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சான்றிதழில்கூட 'ரகசியம்' என்று இருந்தால் யார் மதிப்பார்கள்? மொத்த விலையை மறைக்கவும் முயல வேண்டாம். பொதுப்பணம், டெண்டர் முடிந்ததும் தெரியத்தான் வேண்டும். சர்க்யூட் வரைபடம், ரேட் அனாலிசிஸ், சப்ளையர் பட்டியல் ஆகிய மூன்றை மட்டும் பிரிக்கிறேன். ஒவ்வொன்றின் தலையிலும், இது வெளியானால் போட்டியில் எங்களுக்கு என்ன நஷ்டம் என்று இரண்டு வரி. வணிக ரகசியத்துக்கு விலக்குத் தரும் 8(1)(டி) பிரிவு கேட்பது அந்த நஷ்டத்தைத்தான். தனியாக இருப்பதால், 10-ஆம் பிரிவின்படி அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு மீதியைக் கொடுப்பதும் அலுவலருக்குச் சுலபம்.

இது இரும்புக் கவசம் இல்லை. பொதுநலன் பெரிது என்று அலுவலர் முடிவு செய்தால் கொடுக்கலாம். நாம் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு போகலாம். எனக்கு நோட்டீஸ் வந்தது ஒரே ஒரு முறை. வரைபடங்கள் தப்பின, மீதி போனது. தகவல் ஆணையம் வரை போன அனுபவம் இல்லை.

அந்த ஒரு முறையும் பதற்றம்தான். நோட்டீஸ் வந்தது வெள்ளிக்கிழமை. மின் கட்டண ரசீதுகளோடு கிடந்ததைப் பிரித்தது அடுத்த வியாழன். பத்தில் ஆறு நாள் போயிருந்தது.