துரோணர், துருபதன் பகை: பென் டிரைவில் ஓர் உபந்நியாசம்

மகாபாரதம் முழுவதையும் சொல்லாமல், துரோணர் குடும்பத்துக்கும் துருபதன் குடும்பத்துக்கும் மூண்ட பகையை மட்டும் எடுத்துக்கொண்ட உபந்நியாசப் பதிவு ஒன்று, கோயில் வாசல் கடையில் 600 ரூபாய்க்குப் பென் டிரைவாகக் கிடைத்தது. கௌரவ பாண்டவப் போருக்குள் ஓடும் இந்த இன்னொரு வஞ்சத்தைப் பலர் அவசரமாகக் கடந்துவிடுவதுண்டு. இந்த உபந்நியாசகர் அதையே மையமாக வைத்தது பாராட்டுக்குரியது.

அக்னிவேசரிடம் உடன் பயின்ற துருபதன் அரசனானதும், வறுமையில் வந்த நண்பர் துரோணரை ஏளனம் செய்து அனுப்பும் இடத்துக்கு முன்பே கதை சூடுபிடித்துவிடுகிறது. பாலையே அறியாத துரோணரின் மகன், சிறுவன் அசுவத்தாமனுக்கு மற்றப் பிள்ளைகள் மாவைக் கரைத்துக் கொடுக்க, அவன் "நானும் பால் குடித்தேன்" என்று கூத்தாடுவதைப் பெற்றவர் பார்த்து நிற்பதை உபந்நியாசகர் அவசரமில்லாமல் சொல்கிறார். குருதட்சிணையாக அர்ச்சுனன் துருபதனைக் கட்டி இழுத்து வருவதும், துரோணர் கங்கைக்கு வடக்கே இருந்த பாதி நாட்டைத் தாம் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவதும், அந்த அவமானம் தாளாத துருபதன் யாஜர் என்ற முனிவரைக் கொண்டு செய்த வேள்வியில் திருஷ்டத்யும்னனும் திரௌபதியும் பிறப்பதும் தெளிவாகத் தொடர்கின்றன. தம்மைக் கொல்லப் பிறந்தவன் என்று தெரிந்தே அவனுக்குத் துரோணர் வில்வித்தை கற்பித்தார் என்னும் பகுதியே இத்தொகுப்பில் மிகச் சிறந்தது.

பதினைந்தாம் நாள் போரில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்ட துரோணரின் தலை திருஷ்டத்யும்னன் கையால் விழுவதும், அதற்குப் பழியாக அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறை புகுவதும் நன்றாகவே சொல்லப்பட்டுள்ளன. ஆயுதத்தாலாவது கொல் என்று திருஷ்டத்யும்னன் கெஞ்சியும், குருவைக் கொன்றவனுக்கு நற்கதி கிடையாது என்று சொல்லி, அசுவத்தாமன் அவனை உதைத்தே கொல்லும் காட்சியில் குரல் சற்றும் உயராதது தேர்ந்த கலைஞருக்குரிய அடக்கம்.

ஆனால் அதற்குப் பிறகு சறுக்கல். உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் பிள்ளைகள், உபபாண்டவர் ஐவரின் சாவை "எல்லாம் முன்வினை" என்ற ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். அதுவரை, இன்னார் செய்ததற்கு இன்னார் பழிதீர்த்தார் என்று படிப்படியாகக் காட்டியவர், இந்தப் பகையை மூட்டாத பிள்ளைகளிடம் வரும்போது மட்டும் கணக்கை முற்பிறவியில் எழுதுவது ஏற்கும்படியாக இல்லை. மேலும், தான் அழுவதுபோல் இவன் தாய் அழ வேண்டாம் என்று அசுவத்தாமனை விடுவிக்கச் சொல்லும் பாகவதத்துத் திரௌபதியையும், அவன் தலையில் இருக்கும் மணி வந்து சேரும்வரை உண்ணாமல் கிடக்கும் பாரதத்துத் திரௌபதியையும் வேறுபாடு சொல்லாமல் கலந்துவிட்டார். பழிதீர்க்கும் வேள்வியில் பிறந்தவள் மன்னித்தாளா, இல்லையா என்று கேட்பவர் குழம்பத்தான் செய்வார். அபிமன்யுவின் மனைவி உத்தரையின் கருவைக் குறிவைத்து அசுவத்தாமன் விட்ட அஸ்திரமும், மூவாயிரம் ஆண்டு அலையும்படி அவனுக்குக் கண்ணன் இட்ட சாபமும் அவசரக் குறிப்பாகவே கடந்து போகின்றன.

ஒலிப்பதிவு தெளிவு; தம்பூராவின் ஓசை மட்டும் சில இடங்களில் பேச்சை மீறுகிறது. கோப்புகளுக்குத் தலைப்பில்லாமல் வெறும் எண்கள் இருப்பதால் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பது சிரமம். பாரதக் கதை ஓரளவு தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். புதிதாகக் கேட்பவர்கள் முழுக் கதையை ஒருமுறை படித்துவிட்டு இதற்கு வருவது நல்லது.