ஆறு பேர் போக்கர் மேசைக்கான பயிற்சிச் செயலி: பிளாப்புக்கு முன்னால் அருமை, டர்னில் தடுமாற்றம்

ஒன்பது பேர் மேசையில் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்து பழகியவர்கள், ஆறு பேர் மேசைக்கு வந்ததும் சிப்ஸ் கரைவதைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள். கணக்கு எளிதுதான். சீட்டு பார்ப்பதற்கு முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பிளைண்ட்; பெரியது பிக் பிளைண்ட், அதில் பாதி ஸ்மால் பிளைண்ட். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 1.5 பிக் பிளைண்ட். அங்கே ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு முறை கொடுத்ததை இங்கே ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறை கொடுக்கிறோம். ஆனால் ஏஸ் ஜோடி வருவதென்னவோ அதே 221 ஆட்டத்துக்கு ஒன்றுதான். காத்திருந்தால் கட்டுப்படியாகாது. இந்தச் செயலி பாடத்தைத் தொடங்குவதே இந்த இடத்தில்தான், அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

துணிந்து அடியுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், ஒவ்வொரு அடிக்கும் என்ன விலை என்று காட்டுகிறது. நீங்கள் பட்டனில் (சீட்டு பிரிப்பவரின் இடம்) இருக்கிறீர்கள், முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஃபோல்ட், அதாவது ஆட்டத்திலிருந்து விலகல். நடுவில் கிடக்கும் 1.5 பிக் பிளைண்டுக்காக 2.5-க்கு ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது) செய்கிறீர்கள். பிளைண்டில் இருக்கும் இருவரும் 100-க்கு 63 முறை ஒதுங்கினால், கையில் என்ன சீட்டு இருந்தாலும் லாபம்தான். அதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் மோசமில்லை, ஏனென்றால் பிளாப்புக்குப் (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) பிறகு கடைசியாக முடிவெடுப்பது நீங்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது த்ரீ-பெட், அதாவது ரெய்ஸுக்கு மேல் மறு ரெய்ஸ் செய்யும் பயிற்சி. கட்டாஃப் (பட்டனுக்கு முந்தைய இடத்தில் இருப்பவர்) ரெய்ஸ் செய்திருக்கிறார், உங்களிடம் ஏஸ்-5 சூட்டட் (இரண்டும் ஒரே சூட்). என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. மறு ரெய்ஸ் என்று அழுத்தினால், காரணம் திரையில் விரிகிறது: ஒரு ஏஸ் உங்களிடம் இருப்பதால் அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கக்கூடிய வழிகள் 6-லிருந்து 3 ஆகின்றன, ஏஸ்-கிங் 16-லிருந்து 12. அவர் கால் செய்தாலும் (சமமாகப் பந்தயம் வைத்தாலும்) ஃப்ளஷுக்கும் (ஒரே சூட்டில் ஐந்து) ஸ்ட்ரெய்ட்டுக்கும் (வரிசையாக ஐந்து) வழி இருக்கிறது. இதே இடத்தில் ஏஸ்-9 வேறு வேறு சூட்டில் இருந்தால் ஃபோல்ட் செய்யச் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுவது நல்ல யோசனை.

ஸ்மால் பிளைண்டைத் தவிர வேறு எங்கும் லிம்ப் செய்ய, அதாவது உயர்த்தாமல் பிக் பிளைண்டுக்குச் சமமாக மட்டும் வைக்க, இடமே கொடுக்கவில்லை. அதுவும் சரிதான். 2019-இல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற ப்ளூரிபஸ் நிரலும், தனக்குத் தானே ஆடிப் பார்த்து அதே முடிவுக்குத்தான் வந்தது.

பிளாப்புக்குப் பிறகுதான் குறை. பட்டனில் ரெய்ஸ் செய்து, பிக் பிளைண்ட் கால் செய்து, 9-8-7 விழுந்தால் அந்த பிளாப் அவருக்குத்தான் அதிகம் பொருந்தும். அங்கே அடிக்கடி செக் செய்ய (பந்தயம் வைக்காமல் விட) வேண்டும். செயலி விடையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறது, காரணம் இல்லை. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) பாடங்கள் அதைவிட மெலிவு. இரண்டாவது முறை எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதுதானே ஆக்ரோஷமாக ஆடுபவருக்குக் கடினமான இடம்?

இன்னொன்று, எதிராளிகள் எல்லாரும் சரியாக ஆடுவார்கள் என்றே வைத்துக்கொள்கிறது. எதற்கும் ஃபோல்ட் செய்யாத ஆள் எதிரே உட்கார்ந்தால் பிளஃப் (பலவீனமான கையோடு மிரட்டுவது) வீண். நல்ல கையோடு பெரிதாக பெட் வைப்பதுதான் அங்கே ஆக்ரோஷம். அந்த வகை எதிராளியைத் தேர்ந்தெடுக்க வசதியே இல்லை.

பிளாப்புக்கு முந்தைய ஆட்டத்தைச் சீர்செய்ய நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். டர்ன் பாடங்கள் தேவைப்படுபவர்கள் அடுத்த பதிப்பு வரட்டும் என்று பொறுத்திருங்கள்.