ஆறே நாளில் பச்சையான புல்தரை

போன ஆண்டு என் வீட்டுப் புல்தரைக்கு விதை தூவ வந்தவர்களின் வெள்ளை வேன், போன சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் இத்தனை நாள் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசனில். சென்ற கோடையில் வீட்டு முன்புறப் புல் திட்டுத்திட்டாகக் கருகிப்போனது. இங்குள்ள புல் வகைகளுக்கு மறுவிதைப்புக் காலம் ஆகஸ்ட் பின்பாதியில் தொடங்கிச் செப்டம்பரோடு முடிந்துவிடும். அந்த நாட்களில் மண்ணில் கோடையின் சூடு மிச்சமிருக்கும், வெயில் தணிந்திருக்கும், களையின் தொல்லையும் குறைவு. சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவர் கதவைத் தட்டினார்.

“அண்ணா, உங்களுக்கு எந்த ஊர்?” என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன். காபி கொடுத்து உட்கார வைத்தோம். மண்ணில் துளையிட்டு, டால் ஃபெஸ்க்யூ என்ற பல்லாண்டுப் புல்லின் விதை தூவி, உரமும் போட 850 டாலர். ரொக்கமாகக் கொடுத்தால் நூறு தள்ளுபடி. கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. நம் ஊர்ப் பையனிடம் போய் எப்படிக் கேட்பது? வீடு தேடி வந்து விற்பவரிடம் 25 டாலர் முதல் எந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டாலும் மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம், அதற்கான படிவத்தை விற்பவரே தர வேண்டும் என்ற மத்திய அரசின் விதி எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இரண்டு பேர் வந்து நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். ஒழுங்காகத் துளையிட்டிருந்தால் விரல் தடிமனில் மண்துண்டுகள் தரையெங்கும் சிதறிக் கிடக்கும். கனடா வாத்துக் கூட்டம் எச்சமிட்டுப் போனதோ என்று தோன்றும். என் தரையில் ஒரு துண்டுகூட இல்லை. இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுத் திருப்தி அடைந்திருக்கிறேன்.

ஆறாம் நாள் தரை முழுவதும் பச்சை! நாற்றங்கால் போல இளம்பச்சையில் பளபளத்தது. படம் எடுத்துத் திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். அந்த ஆளுக்கே தொலைபேசியில் நன்றி வேறு சொன்னேன். டால் ஃபெஸ்க்யூ முளைக்கவே ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், கென்டக்கி புளூகிராஸ் என்ற இன்னொரு புல் என்றால் மூன்று வாரம்கூட ஆகும் என்று அப்போது தெரிந்திருந்தால் அன்றைக்கே வயிறு கலங்கியிருக்கும்.

பனிக்காலத்தில் பாதி போயிற்று. மிச்சம் வசந்தத்தில் தழைத்து, கதிர் விட்டு, ஜூன் வெயிலில் அறுவடை முடிந்த வயலாக வைக்கோல் நிறத்துக்கு மாறியது. கொட்டகைக்குப் பின்னால் குப்பை அள்ளும்போதுதான் அவர்கள் வீசிவிட்டுப் போன காலிப் பை கிடைத்தது. அதன் அடியில் தைத்திருந்த சீட்டை மண்ணைத் துடைத்துவிட்டுப் படித்தேன். ஆனுவல் ரைகிராஸ் 68 சதவீதம், பெரெனியல் ரைகிராஸ் என்ற பல்லாண்டு வகை 21. பாக்கி உமியும் தூசியும் வேறு பயிர் விதையும். டால் ஃபெஸ்க்யூ என்ற பெயரே இல்லை. முளைப்புத்திறன் சோதித்த தேதியோ இரண்டு ஆண்டுப் பழையது.

ஆனுவல் ரைகிராஸ் ஓராண்டுப் புல். தென் மாநிலங்களில் பெர்முடா புல் குளிரில் பழுப்பேறும்போது, ஒப்புக்குப் பச்சை காட்டத் தெரிந்தே தூவுவார்கள். விலை மலிவு, ஒரு வாரத்தில் முளைத்துவிடும். ஏமாற்றுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தொலைபேசியில் கேட்டேன். “நீங்கள் தண்ணீர் சரியாக விடவில்லை அண்ணா” என்றார். அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

விதைப் பையில் இந்தச் சீட்டு இருந்தே ஆக வேண்டும். 1939-ஆம் ஆண்டின் மத்திய விதைச் சட்டம் அப்படி. எனவே யாரை வேலைக்கு வைத்தாலும் தைத்த வாய் பிரிக்காத பையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு பாத்திரத்தில் கொட்டி எடுத்து வந்தால் அனுப்பிவிடுங்கள். விதைப்போடு சேர்த்துக் களைத்தடுப்பு மருந்தும் போடுகிறேன் என்று சொன்னால் எந்த மருந்து என்று கேளுங்கள். களை முளைக்காமல் தடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை புல்விதையையும் முளைக்க விடாது.

இந்த ஆண்டு நானே செய்தேன். துளையிடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, ஆயிரம் சதுர அடிக்கு நான்கு பவுண்டு கணக்கில் தூவி, காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளித்து வருகிறேன். இன்றோடு பத்து நாள். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் மண்தான். முட்டி போட்டுக் குனிந்தால் தெரிகிறது, ஊசி ஊசியாக.