பத்து ரூபாய் வாஷருக்கு 3,400 ரூபாய் வாங்கிப் போனார், வீட்டையும் மிதக்க விட்டார்

மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில் நடந்தது இது. கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தால் படித்துவிடுங்கள்.

ஆறு வருஷமாக ஓடும் ஃப்ரன்ட் லோடு மெஷின். போன மாதம் மெஷினுக்குப் பின்னால் தரை ஈரமாகவே இருந்தது. நெட்டில் கம்பெனி பேரோடு கஸ்டமர் கேர் என்று தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டேன். அது கம்பெனி நம்பரே இல்லை, அந்தப் பேரைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ நடத்துகிற சர்வீஸ். மெஷின் மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே சரியான நம்பர் இருந்தது, அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

வந்தவர் மெஷினை இழுத்துப் பார்த்து இரண்டே நிமிஷத்தில், "இன்லெட் வால்வு போயிடுச்சு மேடம், ஹோஸும் வீக்கா இருக்கு, ரெண்டையும் மாத்திடலாம்" என்றார். மெஷினுக்குள் தண்ணீரை விடுகிற வால்வு, குழாயிலிருந்து தண்ணீர் வருகிற ஹோஸ், இரண்டுக்கும் சேர்த்து 3,400 ரூபாய். நான் உள்ளே அவருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன் (ஆமாம், காபி வேறு). பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார், இன்றுவரை வரவில்லை. கழற்றிய ஹோஸையும் ஒரு பழைய வால்வையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். குப்பை ஒழிந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

எட்டு நாள் கழித்து, கோயில் கொடைக்குத் தென்காசி பக்கம் ஊருக்குப் போயிருந்தோம். விடியற்காலை ஐந்தரைக்குக் கீழ்வீட்டு மாமி போன். "ஏம்மா, குழாயைத் திறந்து வெச்சுட்டுப் போயிட்டேளா? எங்க பெட்ரூம் சீலிங்லேர்ந்து கொட்றதும்மா!" சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருந்தது. அவர் கதவைத் திறந்தபோது ஹாலில் கணுக்கால் நனையும் அளவு தண்ணீர். யுடிலிட்டியில் கிடந்த மிதியடி மிதந்து போய், தண்ணீர் வெளியேறுகிற ஜாலியை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள் திரும்பிவிட்டது. டிவி யூனிட்டின் பிளைவுட் ஊறி உப்பிப்போனது. கீழே மாமி வீட்டில் ஜிப்சம் சீலிங் தொங்கிவிட்டது, துணி அலமாரி போச்சு.

ஊரிலிருந்து வந்ததும் எங்கள் ஏரியா பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஹோஸைக் கழற்றி, "நட்டுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க" என்று என் கையில் கொடுத்தார். உள்ளே இருக்கவேண்டிய ரப்பர் வாஷர் இல்லை. அதற்குப் பதிலாகக் குழாய் மரையில் டெஃப்லான் டேப்பைக் கட்டுப்போட்ட மாதிரி சுற்றி, கையால் திருக வேண்டிய பிளாஸ்டிக் நட்டை ரெஞ்சு போட்டு இறுக்கியிருக்கிறார். அதில் விழுந்த மயிரிழை விரிசல் எட்டு நாளில் வாயைப் பிளந்துவிட்டது. இந்த இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான், டேப் இல்லையாம். முதலில் ஒழுகியதும் அநேகமாக வாஷர் தேய்ந்துதான், பத்து ரூபாய் சமாச்சாரம் என்றார். அப்புறம் பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வு ஸ்க்ரூ மேல் ஆறு வருஷத் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. அந்த ஆள் பைக்குள் போட்டுக்கொண்ட வால்வு யார் வீட்டு மெஷினுடையதோ!

மெஷினை ஆஃப் செய்துவிட்டுத்தானே போனோம், எப்படி ஒழுகும் என்று நானும் கேட்டேன். சுவிட்சை அணைத்தால் மெஷினுக்குள் இருக்கும் வால்வுதான் மூடியிருக்கும். சுவர்க் குழாய் திறந்திருக்கும்வரை ஹோஸுக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டேதான் இருக்கும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். எங்களுக்கோ தொட்டி நான்காவது மாடிக்கு மேலே, நாங்கள் முதல் மாடி. இப்போது துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுகிறேன், ஊருக்குப் போனால் மெயின் வால்வையும். ஹோஸை நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடச் சொல்கிறார் அண்ணன், அது உப்பியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ உடனே.

ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் எப்போது ஒழுகுகிறது என்று நீங்களே பார்த்துவையுங்கள். மெஷின் ஓடாதபோதும் குழாய் திறந்திருந்தாலே ஒழுகினால் இன்லெட் ஹோஸ் பக்கம். வெளியேற்றும்போது என்றால் டிரெய்ன் ஹோஸோ பம்ப்போ. முன்கதவுக்குக் கீழே என்றால் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கெட் மடிப்பில் ஹேர்பின், சில்லறை ஏதாவது மாட்டியிருக்கும். ரிப்பேர் முடிந்ததும் ஒரு வாஷ் முழுசாக ஓடட்டும், நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் வைத்துப் பாருங்கள், ஆள் அதுவரை போகக்கூடாது. மாற்றிய பழைய பார்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும், பில்லும்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லை, ஜிபே ரசீதும் கால் ஹிஸ்டரியும்தான் ஆதாரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாதாம், அடுத்து அதுதான். அந்த சர்வீஸ் ஆளின் நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டு அலமாரிக்கு ஆசாரி வருகிறார், அந்தச் செலவும் எங்கள் தலையில்தான்.