கடன் ஆய்வு கற்க எதில் தொடங்கலாம்: விகிதமா, பணப்புழக்கமா?

வங்கியில் கடன் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் நிதிநிலை அறிக்கை வாசிக்கக் கற்பதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விகிதங்களில் தொடங்குவது: கரண்ட் ரேஷியோ (ஓராண்டுக்குள் பணமாகும் சொத்தை ஓராண்டுக்குள் கட்டவேண்டிய கடன்களால் வகுப்பது), கடன்-பங்கு விகிதம் (கடனுக்கும் உரிமையாளர் முதலுக்கும் உள்ள விகிதம்), வட்டி ஈட்டுவிகிதம் (வட்டியைப் போல எத்தனை மடங்கு சம்பாதிக்கிறது), டிஎஸ்சிஆர் (கட்டவேண்டிய அசல், வட்டியைப் போல எத்தனை மடங்கு சம்பாதிக்கிறது) என்று வரிசையாகக் கற்பது. இன்னொன்று, பணப்புழக்கத்தில் தொடங்குவது: இரண்டு மூன்று ஆண்டு பேலன்ஸ் ஷீட்டை (ஒரு நாளில் உள்ள சொத்து, கடன்களின் பட்டியலை) எக்செலில் அடுத்தடுத்து வைத்து, எது எவ்வளவு மாறியது என்று பார்த்து, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதை நாமே கணக்கிடுவது. நான் இரண்டாவது வழியில்தான் கற்றேன். புதியவர்கள் கேட்டால் அதையே சொல்கிறேன்.

விகித வழியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சீக்கிரம் கைவரும், தேர்வுக்கு உதவும், ஒரே துறையில் உள்ள இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வசதி. கடன் ஒப்பந்தத்தின் நிதி நிபந்தனைகள் பெரும்பாலும் விகிதங்களாகவே எழுதப்படுவதால் அவற்றைக் கற்காமல் தப்பிக்கவும் முடியாது. என் கேள்வி, எதை முதலில் கற்பது என்பது மட்டுமே.

இதற்கு விடை சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம் போதும். கடன் தவணை லாபத்திலிருந்து வருவதில்லை, பணத்திலிருந்து வருகிறது. எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எண்ணில் பார்த்தால்தான் மனதில் பதியும்.

ஒரு வியாபாரம். விற்பனை 80-லிருந்து 90 ஆகிறது. வட்டி 2 போக நிகர லாபம் 10, தேய்மானம் 4 (பணம் வெளியே போகாத செலவு). வரவேண்டிய பாக்கி 8-லிருந்து 20, சரக்கிருப்பு 15-லிருந்து 22. கொடுக்கவேண்டிய பாக்கி 9-லிருந்து 13. கையிருப்புப் பணம் 4-லிருந்து 3. குறுகியகால வங்கிக் கடன் 9, அதில் மாற்றமில்லை.

முதலில் விகிதம். வரவேண்டிய பாக்கி, சரக்கு, பணம் மூன்றையும் கூட்டி, கொடுக்கவேண்டிய பாக்கியும் குறுகியகாலக் கடனும் சேர்ந்த தொகையால் வகுத்தால், கரண்ட் ரேஷியோ போன ஆண்டு 27-க்கு 18, அதாவது 1.5. இந்த ஆண்டு 45-க்கு 22, இரண்டுக்குச் சற்று மேல். நல்ல முன்னேற்றம்! அடுத்த ஆண்டு நீண்டகாலக் கடனில் 6 அசல் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (மேலே உள்ள 22-இல் இதைச் சேர்க்கவில்லை), வட்டியும் லாபமும் இதே அளவில் இருக்கட்டும். லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டினால் 16. அதை, அசல் 6, வட்டி 2 சேர்ந்த 8-ஆல் வகுத்தால் டிஎஸ்சிஆர் 2. கோப்பு அழகாக இருக்கிறது.

இப்போது பணம். லாபம் 10, தேய்மானம் 4, ஆக 14. பாக்கியில் முடங்கியது 12, சரக்கில் முடங்கியது 7. சப்ளையர்கள் கூடுதலாகப் பொறுத்துக்கொண்டது 4. கூட்டிக் கழித்தால் மைனஸ் 1. கையிருப்பு 4-லிருந்து 3 ஆனதும் அதனால்தான். நிலைமை இப்படியே தொடர்ந்தால் அந்த 6 எங்கிருந்து வரும்? இன்னொரு கடனிலிருந்தோ உரிமையாளரின் பணத்திலிருந்தோதான் வரவேண்டும்.

இதில் கவனிக்கவேண்டியது, கரண்ட் ரேஷியோவை உயர்த்தியதும் அதே பாக்கியும் சரக்கும்தான். பாக்கி வசூலாகும் காலம் ஏறத்தாழ 36 நாளிலிருந்து 81 நாளுக்குப் போயிருக்கிறது. பணத்தை விழுங்கிய அதே கணக்குகள் விகிதத்தில் பலமாகத் தெரிகின்றன. விகிதத்தில் மட்டும் பழகிய கண் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளும். பணப்புழக்கத்தில் தொடங்கியவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: இந்தப் பாக்கி யாரிடம், எவ்வளவு நாளாக, வருமா? கிடங்கில் இருப்பது விற்கிற சரக்கா? அந்தக் கேள்விகளுடன் வாடிக்கையாளரைச் சந்திப்பதுதான் கடன் ஆய்வு.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் டபிள்யூ.டி. கிராண்ட் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் 1975-இல் திவாலானது. அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் லாபம் காட்டியது, பங்காதாயமும் கொடுத்தது. ஆனால் செயல்பாட்டிலிருந்து போதிய பணம் வரவே இல்லை. கடனுக்கு விற்ற பாக்கியும் சரக்கும் ஏறிக்கொண்டே போயின, வங்கிகள் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தன. பணப்புழக்க அறிக்கை அமெரிக்காவில் கட்டாயமானது 1980-களின் இறுதியில்தான். ஆனால் இரண்டு ஆண்டு பேலன்ஸ் ஷீட்டை வைத்துக் கணக்கிட்டிருந்தால் அதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

பணப்புழக்க வழிக்குக் குறை இல்லாமல் இல்லை. மெதுவானது, ஆரம்பத்தில் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவே வராது. அப்புறம், வேகமாக வளரும் நல்ல நிறுவனத்திலும் பணப்புழக்கம் எதிர்மறையாக இருக்கலாம், அதைப் பார்த்து மிரளக் கூடாது. நான் அதிகம் பார்த்தவை உற்பத்தி, வியாபாரக் கணக்குகள். கட்டுமானத் திட்டங்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இதே வரிசை பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். முறையான கணக்கே இல்லாத சிறு கடைக்கு இரண்டு வழியும் அரைகுறைதான். அங்கே வங்கிக் கணக்கின் வரவுசெலவு அறிக்கையே பெரிய ஆதாரம்.

வீடியோ வகுப்புகள் கலைச்சொற்களுக்குப் போதும், அதற்கு மேல் பயன் குறைவு.

பழக விரும்புகிறவர்கள் பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு உற்பத்தி நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். பணப்புழக்க அறிக்கையை மூடிவைத்துவிட்டு, பேலன்ஸ் ஷீட், லாப-நட்டக் கணக்கு ஆகிய மற்ற இரண்டு அறிக்கைகளிலிருந்து நீங்களே அதைத் தயாரியுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். எண்கள் பெரும்பாலும் சரியாக ஒத்துவராது. சொத்து விற்ற லாபம், நாணய மாற்று வேறுபாடு, கையகப்படுத்திய நிறுவனம் என்று ஏதாவது ஒன்று இடையில் இருக்கும். அது எது என்று குறிப்புகளில் தேடிப்பிடியுங்கள். அதன்பின் விகிதப் பட்டியலுக்குப் போனால் போதும்.