மலையில் பஸ் எட்டாத ஊர்: வரைபடம் சொல்வதும் ஜீப் சொல்வதும்

ஊட்டி-குன்னூர் சாலையில் நின்று பார்த்தால் நீலகிரியில் பஸ் பற்றாக்குறை என்று சொல்பவரைப் பைத்தியம் என்பீர்கள். ஒன்று போனால் பின்னாலேயே அடுத்தது வரும். மஞ்சூர் தாண்டி கிண்ணக்கொரைப் பக்கமோ, பந்தலூர் எஸ்டேட் லைன்களுக்கோ (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போனால் கதையே வேறு. ஒரே மாவட்டத்துக்குள் நகரமும் காடும் கலந்து கிடக்கும்போது, சேவை எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலரும் முதலில் எடுப்பது வரைபடம். நிறுத்தங்களைப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி 400 அல்லது 500 மீட்டருக்கு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்கு வெளியே வீடுகள் இருந்தால் அங்கே சேவை இல்லை என்று கணக்கு. இலவச மென்பொருளே போதும், செலவு இல்லை. ஆனால் இது சமவெளிக்காரர் கணக்கு. கோத்தகிரிச் சரிவில் 400 மீட்டர் என்பது தேயிலைக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் ஒற்றையடிப் பாதையாக இருக்கலாம்; இருட்டினால் கரடியோ காட்டுமாடோ எதிரே வரும். வட்டத்தை வீசிவிட்டு, மூட்டையோடு ஏறி வர எத்தனை நிமிடம் என்று அளப்பதே சரி.

எல்லையிலும் வரைபடம் தடுமாறும். சுல்தான் பத்தேரியிலிருந்து பாட்டவயல் வழியாக கூடலூருக்குக் கேரள பஸ்கள் வருகின்றன. தமிழ்நாட்டு பஸ்ஸை மட்டும் குறித்தால் அந்தச் சாலை இருப்பதைவிட வறண்டு தெரியும். லவ்டேல், கேத்தியில் நேர் எதிர்: மலை ரயில் நிலையத்தைப் புள்ளியாக வைத்தால் ‘சேவை உண்டு’ என்று வந்துவிடும். நாளுக்குச் சில தடவை மட்டும் வரும் அந்த ரயிலை நம்பி யார் தினமும் வேலைக்குப் போகிறார்கள்?

என் ஓட்டு கால அட்டவணைக்குத்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம விவரப் பட்டியலில் பஸ் வசதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நாளுக்கு இரண்டு பஸ் வரும் ஊரும் இருபது நிமிடத்துக்கு ஒன்று வரும் ஊரும் அதில் ஒரே ‘உண்டு’தான். கேட்க வேண்டியது, போய்த் திரும்ப முடியுமா என்பது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கூடலூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். லைன் வீட்டிலிருந்து கிளம்பும் ஒரு பாட்டி காலையில் ஓ.பி. சீட்டு போடும் நேரத்துக்குள் அங்கே சேர்ந்து, மருந்து வாங்கி, இருட்டுமுன் வீடு திரும்ப முடிந்தால்தான் அந்த ஊருக்கு பஸ் இருக்கிறது என்பேன். ஊர் வாரியாக இந்த ஒரு கேள்வியைப் போட்டு நிரப்பினாலே பாதி உண்மை வந்துவிடும். மீதிப் பாதி ‘ட்ரிப் கட்’, அதாவது அட்டவணையில் உள்ள பஸ் அன்று ஓடாமல் போவது. மழைக்காலத்தில் மண் சரிந்தாலும், மே மாதம் மலர்க்காட்சிக் கூட்டத்தில் சாலை அடைத்தாலும் அட்டவணை காகிதத்தில் மட்டும் ஓடும். அதனால் எழுதியிருக்கும் நேரத்தையும் பஸ் உண்மையில் வந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

டிக்கெட் கணக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 2024 முதல் மலைப் பகுதிப் பெண்களுக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் எத்தனை பேர் ஏறினார்கள் என்று நன்றாகவே தெரியும். பஸ்ஸே வராத இடத்தில் ஏறாதவரை எந்த மெஷின் எண்ணும்?

மக்களைக் கேட்பதென்றால் கிராம சபையைவிட, பறித்த தேயிலையை எடை போடும் இடம் மேல். சபையில் குரல் உள்ளவர் பேசுவார். எடைக்கு எல்லோரும் வந்தே ஆக வேண்டும். ‘பஸ் வேண்டுமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், தன் வாசலுக்கு வேண்டாம் என்று யார் சொல்வார்? போன வாரம் பஸ் இல்லாமல் எங்கே போகாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், இந்த நான்கிலும் சேராத ஒன்று ஷேர் ஜீப். காசு கொடுத்து, நெருக்கியடித்து உட்கார்ந்து, தினமும் ஒரே நேரத்துக்கு ஆள் போகிறார்கள் என்றால் அந்தத் தடமும் நேரமும் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. நானாக இருந்தால் வரைபடத்தைத் திறக்கும் முன் ஜீப் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துக்கொண்டு எண்ணத் தொடங்குவேன்.